இடது வளைவில் நீலப் புகை

தென்னூரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் ஒரு குரல் இன்னும் காதில் கேட்கிறது என்பார்கள்.

"முன்னாடி பாக்குறது எல்லாருக்கும் தானா வரும். கண்ணாடியைப் பாருங்க. பின்னாடி வர்றவங்களும் உங்க பொறுப்புதான்."

அந்தக் குரல் கலைமதியுடையது. நாற்பதைத் தாண்டியவள். மருங்காபுரியிலிருந்து திருமணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தவள். மேலூர் ரோட்டில் வீடு, தென்னூரில் டிரைவிங் ஸ்கூல். பெண்களுக்கு மட்டும்தான் சொல்லித் தருவாள். கணவனிடம் திட்டு வாங்கியே கியர் போடப் பயந்தவர்கள், விபத்தைப் பார்த்த பிறகு சாவியைத் தொடாதவர்கள், பிள்ளை வெளிநாடு போனபின் ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிப் போக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. சாஸ்திரி ரோட்டு நெரிசலில், அடுத்தவர் பயத்தையெல்லாம் தன் வலது காலில் வாங்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருப்பவள் அவள்.

ஆண்டில் சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் அவள் இடம் மாறி உட்காருவாள்.

அவளிடம் ஒரு கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தாழ்வான, சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். யாரோ ஊரைவிட்டுப் போகும்போது ஒரு கொட்டகையில் போட்டுவிட்டுப் போனது. டயர் மண்ணோடு ஒட்டி, சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்த நிலையில்தான் அதைக் கலைமதி முதலில் பார்த்தாள். பார்த்ததும் அவள் கண்ணில் நீர் வந்தது என்று ஹாலித் சொல்வான். பாலக்கரையில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன் ஹாலித். கலைமதியின் டிரைவிங் ஸ்கூல் கார்களைப் பார்த்துக்கொள்பவன். அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, ரம்ஜானுக்கு முதல் பிரியாணி அவள் வீட்டுக்குத்தான் என்ற அளவுக்கு உறவாகிப்போனவன்.

"இதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடலாம்க்கா. கண்ணீர் விடுற அளவுக்கு இதுல ஒண்ணுமில்ல."

"இதுக்கு இன்னும் உயிர் இருக்கு ஹாலித்."

"உயிர் எலிக்குத்தான் இருக்கு."

அப்படிச் சொன்னவன்தான் இரண்டு வருஷம் அவளோடு சேர்ந்து அந்தக் காரை உயிர்ப்பித்தான். அது முதன்முதலாக உறுமிய மாலையில் ஷெட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு எழுந்து வந்து நின்றார்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் ட்ராக் இருக்கிறது. போட்டி இல்லாத நாட்களில் அங்கே 'ட்ராக் டே' வைப்பார்கள். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. மாடு, ஆட்டோ, வேகத்தடை எதுவும் குறுக்கே வராத பாதையில், சொந்தக் காரை அதன் முழு வேகத்துக்கு ஓட்டிப் பார்க்கும் நாள். அவ்வளவுதான். சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து முறை வைத்து அனுப்புவார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அந்தச் சிவப்புக் காருக்குள் உட்காரும்போது கலைமதிக்கு வயது, வீடு, மனக்கவலை எல்லாம் அந்த இரும்பு கேட்டுக்கு வெளியே நின்றுவிடும். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. அவள் பயம் அவளுடையது, அவள் துணிவும் அவளுடையது.

இந்தக் கதையில் இன்னொருவர் உண்டு. அவள் கணவர் சிவசங்கர்.

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் மேனேஜர். அதிர்ந்து பேசாத மனிதர். மனைவி சொந்தக் காலில் நின்று பள்ளி நடத்துவதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் அந்தச் சிவப்புக் காரைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததே இல்லை. ட்ராக் டேக்கு அவள் கிளம்பும் நாட்களில் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துக்கொள்வார். "போயிட்டு வரேங்க" என்றால், பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு தடவைகூட அவர் ட்ராக்குக்கு வந்ததில்லை.

'பிடிக்கவில்லை' என்றுதான் கலைமதி நினைத்தாள். பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், ஒரு மனிதனின் 'ம்' என்ற சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போய்விடுகிறதே!

அதற்குள் இருந்தது பயம்.

மில்லில் அவர் புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒருநாள், மேலே சுழலும் இரும்புத் தண்டின் பேரிங்கில் எண்ணெய் காய்ந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பேரிங் சூடேறிச் சிவந்து பொறி பறந்தது. கீழே மலைபோல் உமி. சிவசங்கர் கையால் வாரி வெளியே எடுத்த தொழிலாளியின் முதுகு முழுவதும் வெந்திருந்தது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தப் புகை வாடை சிவசங்கரின் மூக்கைவிட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து, மேனேஜர் ஆன பிறகும்கூட, காலையில் மில்லுக்குள் நுழைந்ததும் அவர் செய்யும் முதல் வேலை எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பேரிங்காகப் போவதுதான். ஒவ்வொரு எண்ணெய்க் கிண்ணத்திலும் தளும்பி வழிகிற வரைக்கும் ஊற்றுவார்.

"வழிஞ்சா என்னப்பா? சாக்கை எடுத்துத் துடைச்சிட்டுப் போறோம். குறையத்தான் கூடாது" என்பார் வேலையாட்களிடம்.

மில்லுக்கு அது சரியான பழக்கம்தான். அங்கே எண்ணெய் கூடினால் வெளியே வழிந்து போய்விடும்.

கதைக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார், போன கார்த்திகை மாதத்து ட்ராக் டேயில் முதல்முறையாகப் புகைவிட்டது. நேர்ப்பாதையில் ஒன்றுமில்லை. பாதையின் கடைசியில் நீண்டு வளைந்துகொண்டே போகும் ஓர் இடது வளைவு இருக்கிறது. அதைவிட்டு வெளியே வரும்போது பின்னால் ஒரு நீலப் புகை மூட்டம். நீலப் புகை என்றால் இன்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலம் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்திருந்தது.

"வண்டி ஆயில் குடிக்குதுக்கா" என்றான் ஹாலித். நோயாளியின் உறவினரிடம் டாக்டர் பேசுகிற மாதிரி அவன் குரல் தணிந்திருந்தது. "பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கும். இன்ஜினை இறக்கிப் பிரிச்சாகணும். அந்த சாமான் இப்ப எங்கயும் கிடைக்கிறதில்ல."

அந்தப் புகையை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். அது எப்படியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்து சேர்ந்தது. சிவசங்கர் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

"மதி, அந்தக் காரைக் குடுத்துரு."

பல ஆண்டுகளில் அந்தக் காரைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"எதுக்குங்க?"

"எரியிற வண்டிக்குள்ள உன்னைப் பாத்துட்டு என்னால சோறு திங்க முடியாது. மதுரையில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காராம்ல? குடுத்துரு."

கழுவிய கையைத் துடைக்கக்கூட மறந்து அவர் நிற்பதைக் கலைமதி பார்த்தாள். சண்டை போட வாயெடுத்தவளுக்குச் சண்டை வரவில்லை. அவளே சொன்னாள்:

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேங்க. மாசி மாசத்து ட்ராக் டே. அன்னைக்கு அந்தக் கார் துளி புகை விட்டாலும் திரும்பி வந்ததும் சாவியை உங்க கையில தரேன். இது சத்தியம்."

"சத்தியமா?"

"நான் சொன்ன சொல்லை மாத்துனது உண்டா?"

இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மாசி வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, சமதளமான வாசலில் காரை நிறுத்தி, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, கலைமதி தன் கையால் ஆயில் ஊற்றினாள். டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடு உண்டு. மேல் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினாள். மூடியை இறுக்கி, பானெட்டை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். 'என்னைக் கைவிட்டுராதடா' என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

மறுநாள் காரை ஏற்றிக்கொண்ட டவ் வண்டி கிளம்பியது. மாமியார் ரெங்கம்மாள் வாசலில் நின்று கையசைத்தார். அவருக்கு மருமகளின் கார் பைத்தியம் ரொம்பப் பிடிக்கும். "என் மருமக ரேஸ்காரி" என்று தாயார் சன்னிதியில் பக்கத்தில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். சிவசங்கர் வழக்கம்போல் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

ட்ராக்கில் இறங்கியதும் அவளுக்கு ஹெல்மெட் சோதனை, டயர் சோதனை என்று அலைச்சல். "ஹாலித், ஆயில் மட்டும் ஒருதரம் பாத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹாலித் பார்த்தான். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. அவனுக்குச் சந்தோஷம். 'அக்காவும் உஷாராத்தான் இருக்கு, குடிக்கிற வண்டின்னு கூடவே ஊத்திட்டு வந்திருக்கு' என்று எண்ணிக்கொண்டான். அதோடு விடாமல், பிஸ்மில்லா சொல்லித் தன் பங்குக்கும் கொஞ்சம் ஊற்றி வைத்தான். அவளிடம் வந்து, "ஆயிலுக்குப் பஞ்சமே இல்லக்கா, தைரியமாப் போங்க" என்றான்.

அவள் குழுவில் ஈரோட்டிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் வந்திருந்தார். அவருக்கு அதுதான் முதல் ட்ராக் டே. முகமெல்லாம் வியர்வை. அவர் மனைவி வேலிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் விபூதிப் பொட்டலத்தை வைத்திருந்தார். கலைமதிக்கு அந்த வியர்வை பழக்கமானது. தினமும் தென்னூரில் பார்க்கிற வியர்வை அது.

"சார், என் பின்னாலயே வாங்க. நான் எந்தக் கோட்டுல போறேனோ அதே கோட்டுல வாங்க. வேற எதையும் யோசிக்காதீங்க."

"நீங்க வேகமாப் போயிட்டா?"

"நீங்க கண்ணாடியில தெரியிற வரைக்கும்தான் போவேன்."

முதல் இரண்டு முறை எல்லாம் நன்றாகவே நடந்தது. மருந்துக்கடைக்காரருக்காக அவள் மெதுவாகத்தான் போனாள். மூன்றாவது முறையில் அவருக்குப் பயம் தெளிந்து வேகம் வந்துவிட்டது. கலைமதியும் காலை அழுத்தினாள். நேர்ப்பாதை பின்னால் ஓடியது. நீண்ட இடது வளைவு. கார் சரிந்து, டயர்கள் முனகி, அவள் உடம்பு முழுவதையும் யாரோ வலப்பக்கமாகப் பிடித்து இழுப்பது போன்ற அந்தச் சுகம்! வளைவைவிட்டு வெளியே வந்தவள், பழக்கம் மாறாமல் கண்ணாடியைப் பார்த்தாள்.

நீலப் புகை.

அவள் கால் தானாக ஆக்ஸிலரேட்டரைவிட்டு எழுந்தது.

சுற்றிலும் பார்த்தாள். அந்த வளைவுக்கு அருகில் கொடியோடு பாதையைக் கண்காணிக்கும் மார்ஷல் வேறு பக்கம் திரும்பி வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். கொடி எதுவும் ஆடவில்லை. ஹாலித் நிற்கும் இடம் பாதையின் அந்தக் கோடியில். அங்கிருந்து இந்த வளைவு தெரியாது. யாரும் பார்க்கவில்லை. ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இனி இந்த வளைவில் மட்டும் காலைத் தூக்கி மெல்லப் போனால் புகை வராது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், "புகையே இல்லைங்க" என்று சொன்னால் நம்புவதற்கு ஒரு மனிதர் காத்திருக்கிறார். கார் அவளுடையதாகவே இருக்கும்.

கண்ணாடியில் மருந்துக்கடைக்காரரின் வெள்ளைக் கார் தெரிந்தது. புகைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அவள் சொன்னபடியே, அவள் போன கோட்டிலேயே, ஓர் அங்குலம் பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

புகை மட்டும்தானா? ஆயில் சொட்டவும் செய்திருந்தால்? அடுத்த சுற்றில், இதைவிட வேகமாக, அவள் சிந்திய ஆயிலின் மேலேயே அவர் சக்கரம் ஏறினால்? வேலிக்கு வெளியே விபூதிப் பொட்டலத்தோடு அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறாரே!

அதற்குமேல் கலைமதி யோசிக்கவே இல்லை. ஜன்னல் வழியே கையை உயர்த்தினாள். எல்லோரும் போகும் கோட்டைவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். மருந்துக்கடைக்காரரையும் வேகம் குறைக்கச் சொல்லிக் கையசைத்தபடி, மெதுவாக, மிக மெதுவாக உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். இன்ஜினை அணைத்துவிட்டு மார்ஷல்களிடம் ஓடினாள்.

"என் கார்ல புகை வந்துச்சு சார். இடது வளைவுல ஆயில் சிந்தியிருக்கலாம். தயவுசெஞ்சு அடுத்த குரூப்பை அனுப்பாதீங்க."

சிவப்புக் கொடி காட்டினார்கள். காத்திருந்த கார்களிலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. "பழைய டப்பாவை எல்லாம் எதுக்குக் கொண்டாறாங்க?" என்று ஒருவர் அவள் காதில் விழும்படியே சொன்னார். கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள். போய்ப் பார்த்த மார்ஷல் திரும்பி வந்து, வளைவின் வெளிப்பக்கம் சில சொட்டுகள் இருந்ததாகவும், சிமென்ட் தூள் போட்டுவிட்டதாகவும் சொன்னார். முணுமுணுத்தவர் தன் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

மருந்துக்கடைக்காரர் காரைவிட்டு இறங்கி வந்தார். அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

கலைமதி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காரின் நிழலில் தரையில் உட்கார்ந்தாள். ஹாலித் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றான்.

"அக்கா, அண்ணன்கிட்ட இப்பவே சொல்லணுமா? வீட்டுக்குப் போயி மெல்ல..."

"வேணாம் ஹாலித். லேட் பண்ணா எனக்குப் பொய் சொல்ற புத்தி வந்துரும்."

ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். முதல் ரிங்கிலேயே சிவசங்கர் எடுத்தார். காலையிலிருந்து ஃபோனைக் கையிலேயே வைத்திருந்திருப்பார் போல.

"மதி? உனக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கேன்." மடியிலிருந்த ஹெல்மெட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "புகை வந்துருச்சுங்க. நான்தான் பாத்தேன். வந்ததும் சாவியைத் தந்துடறேன். மதுரைக்காரர்கிட்ட சொல்லிருங்க."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. அது நிம்மதிப் பெருமூச்சாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது.

"எப்படி மதி? எப்படி வரும்? குறையக் கூடாதுன்னுதானே அவ்வளவு ஊத்துனேன்..."

கலைமதி நிமிர்ந்தாள்.

"என்ன ஊத்துனீங்க?"

பேப்பர் கசங்குகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, என்ன ஊத்துனீங்க?"

பின்னாலிருந்து ரெங்கம்மாளின் குரல் வந்தது. "சொல்லேன்டா! என்னமோ திருடுன மாதிரி முழிக்கிறான். அம்மாடி மதி, நீ ஒவ்வொரு தடவை கிளம்புறப்பவும் இவன் விடியக்காலையில டப்பாவும் கையுமா உன் கார்கிட்ட போயி நிப்பான். தூக்கக் கலக்கத்துல உனக்குத் தெரியாது. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். மூணு வருஷமா ஊத்துறான். இன்னைக்குக் கொஞ்சம் தாராளமாவே ஊத்துனான்."

"அம்மா, நீங்க சும்மா இருங்களேன்!"

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? பேப்பரைத் தலைகீழாப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறவன் நீ."

கலைமதி ஃபோனை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். பானெட்டைத் திறந்தாள். டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி இழுத்தாள். அவ்வளவு புகைவிட்ட பிறகும், அவ்வளவு எரிந்த பிறகும், ஆயில் மேல் கோட்டுக்கு மேலே நின்றது. ஆயில் குடிக்கிற இன்ஜினில் ஆயில் எப்படி மிச்சமிருக்கும்?

மெல்லத் திரும்பி ஹாலித்தைப் பார்த்தாள்.

"நீ?"

"கொஞ்சூண்டுதான்க்கா." அவன் ஓரடி பின்னால் போனான். "சும்மா... ஒரு மனதிருப்திக்கு."

கலைமதி சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பக்கத்துக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹாலித், டம்ளர் நிறைய டீயோட டவுன் பஸ்ல நின்னிருக்கியா? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் திரும்புறப்ப என்ன ஆகும்?"

"பக்கத்து ஆள் சட்டையில கொட்டும்."

"அரை டம்ளர் டீயா இருந்தா?"

ஹாலித்தின் வாய் பிளந்தது. தலையில் அடித்துக்கொண்டான்.

நீண்ட இடது வளைவில் இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கிக் குவிகிறது. அளவாக இருந்தால் கீழேயே தங்கிவிடும். அதிகமாக இருந்தால் மேலேறி, இன்ஜின் மூச்சுவிடும் குழாய் வழியாகப் பெட்ரோலோடு போகும் காற்றில் கலந்து எரியும். அதுதான் புகை. எரிய எரிய ஆயில் குறையும். குறைந்ததைப் பார்த்து, 'வண்டி குடிக்கிறது' என்று இன்னும் அதிகமாக ஊற்றினார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல். முதல் மூன்று ஆண்டுகள் ஏன் புகை வரவில்லை? அந்த வளைவில் அவ்வளவு வேகமாகப் போக அப்போது அவளுக்குத் தெரியாது. அவள் தேர்ந்த பிறகுதான் ஆயில் மேலேறியது.

"ஏங்க," அவள் ஃபோனை எடுத்தாள். "மில்லுல வழியிற வரைக்கும் ஊத்துவீங்கள்ல?"

"ஆமா."

"இங்க வழியிறதுக்கு வழி இல்லைங்க. வெளியே போக முடியாம, உள்ளேயே எரிஞ்சிருக்கு."

சிவசங்கர், "நான்தானா?" என்றார். அந்த ஒரு சொல்லில் ஓர் ஆயுளின் பயம் முழுவதும் இருந்தது. உமிக் குவியலின் தீயிலிருந்து மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்து, தன் கையாலேயே அவள் காரில் புகையை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்!

"நீங்கதான்," என்றாள் கலைமதி. இவ்வளவு அன்பாக அவள் அவரிடம் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. "ஆனா நான் சொன்ன சொல் சொன்னதுதான். துளி புகை விட்டாலும்னு சொன்னேன். விட்டுருச்சு. சாவி உங்களுக்குத்தான்."

"பைத்தியமாடி நீ?" ரெங்கம்மாள் கத்தினார்.

"அம்மா, கொஞ்சம் இருங்க." சிவசங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மதி, சாவி எனக்குன்னா, கார் எனக்கு. அப்படித்தானே? அப்போ என் காரை இன்னொரு தரம் ஓட்டு. நான் பாக்கணும்."

ஹாலித் காரின் அடியில் புகுந்து டிரெயின் நட்டைத் தளர்த்தி, அதிகப்படி ஆயிலை ஒரு வெட்டின தண்ணீர்க் கேனில் பிடித்தான். சூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டு, "யா அல்லாஹ், அண்ணன் மில்லுக்கே பத்தும் போல இருக்கே" என்று அடியிலிருந்து குரல் கொடுத்தான். மூச்சுக் குழாயைக் கழற்றித் துணி விட்டுத் துடைத்தான். கலைமதி சமதளத்தில் நிறுத்தி அளந்தாள். மேல் கோட்டுக்குக் கீழே வந்ததும் நிறுத்தச் சொன்னாள். மார்ஷல்கள் சோதித்துவிட்டுத்தான் அனுமதித்தார்கள். சந்தேகத்தோடு அல்ல. 'தானாகவே உள்ளே வந்தவள்' என்ற மரியாதை அவர்கள் கண்ணில் இருந்தது.

கடைசி முறை. ஹாலித் வேலியோரமாக ஓடி இடது வளைவுக்கு எதிரே நின்று, வீடியோ கால் போட்டு ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். ஸ்ரீரங்கத்தில் தாயும் மகனும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள்.

சிவப்புக் கார் வந்தது. வளைவில் சரிந்தது. வெளியே வரும்போது மெல்லிய நீலக் கோடு ஒன்று காற்றில் நீண்டது.

"புகைடா," என்றார் ரெங்கம்மாள். சிவசங்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொறுங்கண்ணே! குழாய்ல ஒட்டியிருந்த மிச்சம் எரியுது. கண்ணைத் தொறங்க!"

இரண்டாம் சுற்று. புகை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

மூன்றாம் சுற்று. முன்னைவிட வேகமாக வந்தாள். டயர் சத்தம் ஃபோன் வழியாகவே காதைத் துளைத்தது. சிவப்புக் கார் வளைவை வெட்டித் திரும்பி, நேர்ப்பாதையில் பறந்தது. அதற்குப் பின்னால் வேலமரங்கள் தெரிந்தன, வானம் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

"எங்கடா புகை?" ரெங்கம்மாள் ஃபோனைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹாலித் தம்பி, எங்கப்பா புகை?"

"இல்லம்மா! இல்லவே இல்ல!"

சிவசங்கர் ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தன் மனைவி கார் ஓட்டுவதை வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அழகாக ஓட்டுகிறாள்! இத்தனை நாள் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து எதை இழந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கலைமதி சொன்னபடி சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரலை மடக்கிக்கொண்டார். மதுரைக்காரருக்கு அவர் முன்கூட்டியே ஃபோன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லியிருந்தார். பழைய ஓனர் கொடுக்க நினைத்தது உண்மைதான், புது ஓனருக்கு மனசில்லை என்றாராம்.

இப்போது சித்திரையில் ட்ராக் டே வருகிறது. சிவசங்கரும் போகிறார். சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஓட்டுவது அவள்தான். நேற்று மாலை வாசலில் காரை நிறுத்தி, ஆறவைத்து, அளந்து, டிப்ஸ்டிக்கை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். ஆயில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக டப்பாவின் பக்கம் போனது.

"மதி, ஒரே ஒரு மூடி..."

"ஏங்க!"

சிவசங்கர் கையை இழுத்துக்கொண்டார். அவள் பானெட்டை மூடும்போது, தான் மூடுவதாகச் சொல்லி அவரே மூடினார்.